மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த பிரிட்டிஷ் மேடை நிகழ்ச்சி) கலைஞர்கள் நடித்த 1930களின் பிரிட்டிஷ் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? கதை ஒட்டாததுபோல் தோன்றுவது ஏன்?

1934இல் வந்த ‘சிங் ஆஸ் வீ கோ’விலிருந்து தொடங்குங்கள். ஆண்டு வரிசையில் போனால் இரண்டாவது படத்திலேயே சலித்துவிடும்.

மியூசிக் ஹால் மேடையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பாட்டு, பேச்சு, சேட்டை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சிரிப்பு எழுந்தால் காத்திருந்து, அது அடங்கும் நேரம் பார்த்து அடுத்த வரியை எடுப்பார்கள். ஸ்டூடியோவில் சிரிக்க ஆளில்லை. யாராவது சிரித்தால் மைக்கில் பதிந்துவிடும். ஆகவே ஜோக்குக்குப் பின் வெறுமையாக ஓர் இடைவெளி விழும். இடைவெளி விடாவிட்டால் தியேட்டர் சிரிப்பில் அடுத்த வரி கேட்காது. ‘எல்ஸ்ட்ரீ காலிங்’ (1930) இந்தச் சிக்கலை அப்படியே காட்டுகிறது. கதையே கிடையாது, லில்லி மோரிஸ், வில் ஃபைஃப் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் நிகழ்ச்சியைச் செய்துவிட்டுப் போகிறார்கள். மேடையில் அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதற்கு அது அருமையான பதிவு; ஆனால் முதலில் பார்க்க வேண்டிய படம் அல்ல.

மியூசிக் ஹால் பாடகி கிரேஸி ஃபீல்ட்ஸின் படங்களில் இதற்கு வழி பிறந்தது. ‘சாலி இன் அவர் ஆலி’யில் (1931) அவர் ஒரு பரிமாறும் பெண். வாடிக்கையாளர்கள் நடுவில் பாடுகிறார். தியேட்டர் கூட்டத்தின் வேலையை அவர்களுடைய முகங்கள் செய்கின்றன. ‘சிங் ஆஸ் வீ கோ’ இன்னும் ஒரு படி மேலே. லங்காஷயரில் மில் மூடப்படுகிறது, வேலை தேடி பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்கு சைக்கிளில் போகிறார். வெளிப்புறக் காட்சிகளை போல்டனிலும் பிளாக்பூலிலுமே எடுத்தார்கள். பாட்டு இங்கே கதையை நகர்த்துகிறது.

அடுத்து மேடை நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபோர்ம்பியின் ‘நோ லிமிட்’ (1935), ஐல் ஆஃப் மேன் தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயக் கதை. அதன் பிறகு ஓர் ஆண்டு முந்தைய ‘பூட்ஸ்! பூட்ஸ்!’ பாருங்கள். லண்டனில் ஒரு கராஜுக்கு மேலிருந்த சின்ன ஸ்டூடியோவில் எடுத்தது. அதே மனிதர், அதே சிரிப்பு, அதே பாஞ்சோ யுகுலேலே (சிறிய நரம்பு வாத்தியம்); பணமும் இடமும் கூடினால் என்ன மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இப்படிப்பட்ட மலிவுப் படங்கள் பெருகியதற்கு 1927ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியக் காரணம். அதன்படி தியேட்டர்கள் குறிப்பிட்ட விகிதம் பிரிட்டிஷ் படங்களைத் திரையிட்டாக வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை நிரப்பவே, படச்சுருளின் அடிக்கு ஒரு பவுண்டு என்ற செலவில் படங்கள் தயாராயின. 6,000 அடி என்றால் சுமார் 67 நிமிடம்.

டிவிடியில் பார்ப்பவர்களுக்கு: பிரிட்டனில் வந்த பால் (PAL) ஒளிபரப்பு முறை வட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம் படத்தை 25ஆக ஓட்டுகின்றன. 90 நிமிடப் படம் 86 நிமிடச் சொச்சத்தில் முடியும்; சுருதியைத் திருத்தாவிட்டால் கிரேஸியின் குரல் ஓர் அரைச்சுரத்தில் (semitone) முக்கால் பங்கு அளவுக்கு ஏறிக் கீச்சென்று கேட்கும். பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கி, சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டிவி படத்தை அகலமாக இழுத்தால் 4:3க்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் ஆட்டக் காட்சிகளில் கால்கள் குட்டையாகிவிடும்.