கசக்கிற பாகற்காயை ஈ எப்படித் தொடுகிறது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில் பந்தல் பாகல் போட்டிருக்கிறேன். பிஞ்சிலேயே காய் கோணி, மஞ்சளாகி விழுகிறது. பிளந்தால் வெள்ளைப் புழு. மாந்தோப்பில் மீந்த மீத்தைல் யூஜினால் பொறியைக் கட்டியும் ஈ குறையவில்லை. இவ்வளவு கசப்பான காயில் போய் ஈ எப்படி முட்டை வைக்கிறது?

பதில்: உங்கள் சந்தேகத்திலிருந்தே வருகிறேன். நமக்கு நாக்கில்தான் ருசி. ஈக்கு வாய்க்குழலிலும் கால்களிலும் இறக்கை ஓரத்திலும்கூட ருசி மயிர்கள் உண்டு. காயில் உட்கார்ந்ததுமே கால் ருசி பார்த்துவிடும். மயிருக்குள் இருக்கும் நரம்பு செல்லில் எந்தச் சுவை ஏற்பி (சுவையை உணரும் புரதம்) அமைகிறது என்பது மரபணுவைப் பொறுத்தது. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் குட்டி ட்ரோசோஃபிலா ஈயில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு இந்த வகை மரபணு 60. அதில் கசப்பை உணர உதவும் ஜிஆர்66ஏ என்ற ஒன்றை முடக்கிவிட்டால், கசக்கும் கஃபீன் கலந்த சர்க்கரைத் தண்ணீரையும் தயங்காமல் குடிக்கிறது!

இயற்கையே இதைச் செய்ததும் உண்டு. செஷல்ஸ் தீவுகளில் ட்ரோசோஃபிலா செசெல்லியா நோனிப் பழத்தை நம்பி வாழ்கிறது. மற்ற ட்ரோசோஃபிலா இனங்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பழம் நஞ்சு. இந்த இனம் கசப்பு ஏற்பி மரபணுக்கள் பலவற்றை இழந்துவிட்டது. ஸ்ட்ராபெரி, செர்ரியைக் கெடுக்கும் ட்ரோசோஃபிலா சுசுகிக்கும் கசப்புணர்வு மழுங்கியிருக்கிறது. பழம் அழுகும்வரை அது காத்திருப்பதில்லை.

உங்கள் பந்தலில் இருப்பது வேறு குடும்பத்து ஈ. பூசணி, பீர்க்கை, பாகல் என்று கொடிக்காய்களைத் தேடி வருவது. நம் வாய்க்குக் கசப்பதை வைத்து அதன் ருசியைக் கணக்குப் போட முடியாது. கசப்புக்குப் பயந்து ஓடும் என்று வேப்பெண்ணெயை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம்.

பொறி விஷயம் ருசியல்ல, வாசனை. மீத்தைல் யூஜினாலுக்கு வருவது மாம்பழ ஈயின் ஆண். கொடிக்காய் ஈயின் ஆணுக்கு க்யூலூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அதுவும் ஆணைத்தான் பிடிக்கும். முட்டை வைக்கும் பெண்ணுக்குப் புரதப் பசி அதிகம், அதற்குக் கருவாட்டுப் பொறிதான் சரி. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியில் ஈ நுழையும் அளவு நாலைந்து ஓட்டை போட்டு, நனைத்த கருவாட்டுத் தூள் 5 கிராமைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுங்கள். அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். அரை ஏக்கருக்குப் பத்து பாட்டில், 20 நாளுக்கொரு முறை புதுத் தூள். முன்பு இதில் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியில் நனைத்த பஞ்சு வைக்கச் சொல்வோம். அந்த மருந்து இப்போது தடை.

விழுந்த காயை வரப்பில் எறிந்தால் எந்தப் பொறியும் உதவாது. புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக வந்து நிற்கும். தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். கொடியடி மண்ணையும் அவ்வப்போது கொத்திவிடுங்கள். மழைக்காலத்தில்தான் இந்த ஈ பெருகும். அடுத்த விதைப்பைக் காய்ப்பு வெயிலில் வரும்படி தள்ளிப் பாருங்கள்.