லண்டன் கிளையன்ட் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக வருவது ஏன்?

அவருடைய வீடியோ வகுப்புக்காக நீங்கள் காலண்டரில் போட்டிருக்கும் தொடர் நிகழ்வை (திரும்பத் திரும்ப வரும் பதிவை) லண்டன் நேர மண்டலத்துக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். நீங்கள் கூகுள் காலண்டரில் அதை இந்திய நேரம் பகல் 12 மணி என்று பதிந்திருப்பீர்கள். குளிர்காலத்தில் அது அங்கே காலை 6.30. மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால், அதே 12 மணி அங்கே 7.30 ஆகிவிடும். அவரோ வழக்கம்போல எழுந்து, ஷூ மாட்டி, 6.30-க்கே வீடியோவில் காத்திருக்கிறார். பாவம், அவர்மேல் தப்பில்லை.

1. நிகழ்வைத் திருத்தும் பக்கத்தில் நேரத்துக்குப் பக்கத்திலேயே நேர மண்டலம் இருக்கும். லண்டனைத் தேர்ந்தெடுத்து 6.30 என்று போடுங்கள்.
2. சேமிக்கும்போது ‘இதுவும் இனி வருபவையும்’ என்பதைக் கொடுங்கள். ‘எல்லாம்’ கொடுத்தால் முடிந்துபோன வகுப்புகளின் நேரமும் மாறி, கட்டணக் கணக்கு குழம்பும்.

அப்புறம் காலண்டரில், குளிர்கால நேரம் திரும்பியிருக்கும் நவம்பர் மாதத்துக்குப் போய்ப் பாருங்கள். இப்போது இந்திய நேரம் 11 மணிக்குத் தெரிவது நவம்பரில் 12-க்குத் தெரிந்தால் சரி.

ஒன்று மட்டும் கவனம்: இனி நகரப்போவது உங்கள் நேரம்தான். அந்த வகுப்பு நாட்களில் 11 மணிக்கும் 12 மணிக்கும் உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தரமாக வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் கிளையன்ட் சேர்ந்தால் கடிகாரம் மாற்றும் தேதியும் வேறு. அங்கே பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறே மாற்றிவிடுவார்கள்.