லே ஓடுதளத்தில் தோற்கும் விமானங்கள்: போர் விமானத் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: விமானப்படைக்குப் புதிய போர் விமானம் வாங்கும்போது எதைச் சோதிப்பார்கள்? கண்காட்சியில் பார்க்கும் சாகசங்களை வைத்து எது சிறந்தது என்று சொல்ல முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முடியாது. கண்காட்சியில் வரும் விமானம் பெரும்பாலும் குண்டோ ஏவுகணையோ இல்லாமல், குறைந்த எரிபொருளோடு பறக்கிறது. போருக்குப் போகும்போது அதே விமானம் பல டன் சுமையோடு கிளம்ப வேண்டும்.

126 விமானங்களுக்காக 2007 ஆகஸ்டில் இந்தியா டெண்டர் விட்டது. ரஃபேல், டைஃபூன், எஃப்-16, சூப்பர் ஹார்னெட், மிக்-35, கிரிப்பன் என ஆறு விமானங்கள் போட்டியிட்டன. நம் விமானப்படை 643 அம்சங்களைப் பட்டியலிட்டு, பெங்களூரின் ஈரப்பதத்திலும் ஜெய்சல்மேரின் பாலைவன வெப்பத்திலும் லடாக்கில் உள்ள லேயின் உயரத்திலும் சோதனை நடத்தியது.

இவற்றில் கடினமானது லே. அங்கே ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூடத் தேறாது. வெயில் ஏற ஏற இன்னும் குறையும். என்ஜினுக்குக் கிடைக்கும் காற்று குறைவதால் உந்துவிசை இறங்குகிறது. அதே நேரத்தில் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்க, விமானம் தரையில் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓடுதளம் போதாது. ஏவுகணையையோ எரிபொருளையோ குறைத்தே ஆக வேண்டும். இறங்கும்போதும் வேகம் அதிகம் என்பதால் பிரேக்கும் டயரும் கடுமையாகச் சூடாகும்.

அதைவிடப் பெரிய சோதனை, அங்கே என்ஜினை அணைத்துவிட்டு வெளி உதவியின்றி மறுபடி கிளப்புவது. இரவுக் குளிரில் பேட்டரி பலவீனமாகும், எண்ணெய் கெட்டியாகும். மெல்லிய காற்றில் என்ஜின் பற்றிக்கொண்டாலும் தேவையான சுழல்வேகத்துக்கு ஏறாமல் பாதியில் நின்றுவிடலாம். அப்போது வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். விமானி எரிபொருளை உடனே நிறுத்தாவிட்டால் டர்பைன் இதழ்கள் கருகிவிடும். பின்னாளில் வாங்கிய ரஃபேலில் இந்தியா கேட்ட மாற்றங்களில் உயரமான இடத்துக் குளிரில் என்ஜினைக் கிளப்பும் வசதியும் ஒன்று.

கேள்வி: இத்தனை சோதனை செய்து ரஃபேலைத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்த 126 விமான ஒப்பந்தம் ஏன் நின்றுபோனது? (திருச்சி வாசகி)

பதில்: விமானத்தில் குறையில்லை, பொறுப்பை யார் ஏற்பது என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

2011 ஏப்ரலில் ரஃபேலும் டைஃபூனும் மட்டும் களத்தில் மிஞ்சின. வாங்கும் விலையோடு நீண்ட காலப் பராமரிப்புச் செலவு, தொழில்நுட்ப மாற்றத்துக்கான செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, 2012 ஜனவரியில் ரஃபேலே குறைந்த விலை என்று அறிவித்தார்கள். 18 விமானங்கள் பிரான்ஸிலிருந்து பறந்து வரும், மீதி 108 பெங்களூரில் உள்ள அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் தயாராகும் என்பது திட்டம்.

பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. எச்.ஏ.எல். செய்யும் விமானம் தாமதமானாலோ பழுதானாலோ ரஃபேலை உருவாக்கிய பிரான்ஸின் டஸ்ஸோ நிறுவனம் பொறுப்பேற்குமா என்பது ஒன்று. வேறொருவர் தொழிற்சாலையில் உருவாகும் விமானத்துக்கு முழு உத்தரவாதம் தர டஸ்ஸோ சம்மதிக்கவில்லை. அடுத்தது மனித உழைப்பு நேரம். பிரான்ஸில் ஆவதைப்போல 2.7 மடங்கு நேரம் இங்கே ஆகும் என்று கணக்கு வந்தது. உழைப்பு நேரம் மாறினால் 108 விமானங்களின் விலையும் மாறும், அப்படியானால் ‘குறைந்த விலை’ என்ற முடிவே ஆட்டம் காணும். மூன்று ஆண்டுகள் இழுத்துப் பார்த்துவிட்டு, 2015 ஏப்ரலில் 36 விமானங்களை நேரடியாக வாங்க முடிவெடுத்தார்கள். பழைய டெண்டர் கைவிடப்பட்டது.

உரிமத்தின் பேரில் உள்நாட்டில் தயாரிக்கும் எந்தத் திட்டத்திலும், உத்தரவாதம் யாருடையது, உழைப்பு நேரத்தை யார் அளப்பது என்ற இரண்டையும் விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே எழுத்தில் முடித்திருக்க வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டதற்குத்தான் விமானப்படை இத்தனை ஆண்டுகளை இழந்தது.

கேள்வி: 36 ரஃபேலுக்கு 787 கோடி யூரோ. 36 ஆல் வகுத்தால் ஒரு விமானத்தின் விலை வந்துவிடுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வராது. 2016 செப்டம்பரில் கையெழுத்தான அந்தத் தொகைக்குள் 28 ஒற்றை இருக்கை, 8 இரட்டை இருக்கை விமானங்களோடு, மீட்டியோர், ஸ்கால்ப் போன்ற ஏவுகணைகள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், உதிரிபாகங்கள், பயிற்சி ஆகியவையும் அடங்கும். ஐந்தாண்டுப் பராமரிப்பும் உண்டு. 75 சதவீத விமானங்கள் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். 36இல் 75 சதவீதம் என்றால் 27 விமானங்கள். உதிரிபாகம் கிடைக்காமல் இது 50 சதவீதத்துக்கு இறங்கினால் 18தான் மிஞ்சும். ஒன்பது விமானங்களை எதிரி சுடாமலே இழந்ததற்குச் சமம். இரண்டு நாட்டு விமானங்களின் விலையை ஒப்பிடுபவர்கள் முதலில் பராமரிப்பும் ஆயுதமும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: சூலூரில் தேஜஸ் பறப்பதைப் பார்க்கிறோம். புதிய மார்க்-1ஏ ஏன் இவ்வளவு தாமதம்? (கோவை வாசகர்)

பதில்: காரணங்கள் பல, முதன்மையானது என்ஜின். 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. அதற்காக அமெரிக்காவின் ஜி.ஈ. நிறுவனத்திடம் 99 எஃப்-404 என்ஜின்கள் கேட்கப்பட்டன. முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் கிளம்பியது. முந்தைய ஆர்டர் முடிந்து அந்த வகை என்ஜினின் உற்பத்தி வரிசை ஐந்தாண்டு காலம் ஓய்ந்து கிடந்தது. பாகம் தருபவர்களை மறுபடி திரட்ட வேண்டியிருந்தது. நம் காவேரி என்ஜின் தேவையான உந்துவிசையைத் தராததால் 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஸ்வீடனின் கிரிப்பனிலும் அமெரிக்க என்ஜின்தான். விமானம் எந்த நாட்டுடையது என்று கேட்கும்போதே என்ஜின் யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தை இந்தியா வாங்கலாமே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019இல் துருக்கியை அந்தத் திட்டத்திலிருந்தே அமெரிக்கா வெளியேற்றியது. இந்தியாவிடமும் எஸ்-400 இருக்கிறது. அந்தத் தடை நீங்கினாலும், மென்பொருளுக்கும் உதிரிபாகத்துக்கும் அமெரிக்காவையே நம்பியிருக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு விமானத்தில் நம் ஏவுகணையைப் பொருத்துவது அவ்வளவு கடினமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் ஊர் விமானத் தளத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிரம்மோஸ் தாங்கும் சுகோய்-30 ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. அந்த ஏவுகணை ஏறக்குறைய 2.5 டன். அதைத் தாங்க விமானத்தின் அடிப்பகுதியைப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

வேலை படிப்படியாக நடக்கும். முதலில் தரையில் பொருத்தி, இடைவெளியும் மின் இணைப்பும் சரிதானா என்று பார்ப்பார்கள். பிறகு ஏவுகணையைச் சுமந்து மட்டும் பறந்து அதிர்வை அளப்பார்கள். அடுத்து, என்ஜின் இல்லாத மாதிரியைக் கழற்றிவிட்டு, அது விமானத்தின் மீதே மோதாமல் விலகிப் போகிறதா என்று படம் பிடிப்பார்கள். கடைசியில்தான் இலக்கை நோக்கி உண்மையான ஏவுதல். சுகோயிலிருந்து பிரம்மோஸ் முதன்முதலாக ஏவப்பட்டது 2017 நவம்பரில்.

இதற்கெல்லாம் விமானத்தின் கணினி ஏவுகணையோடு பேச வேண்டும். அந்த மென்பொருளின் மூல நிரல் விற்றவரிடமே இருந்தால், ஒவ்வொரு புது ஏவுகணைக்கும் அவரிடம் போய்ப் பணமும் காலமும் கொடுத்துக் காத்திருக்க நேரும். நிரலைத் தர மறுத்தாலும், ஆயுதம் பொருத்தும் இடைமுகத்தையாவது திறந்துவிட வேண்டும் என்று கேட்கலாம். வாங்குபவரின் பேச்சுக்கு மதிப்பு இருப்பது கையெழுத்துக்கு முன்புதான் என்பதால், அஸ்திரா போன்ற நம் ஏவுகணைகளின் பெயரையும், எத்தனை மாதத்தில் பொருத்தித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.