ஆக்சிலரேட்டரை விட்டால் அடியில் ‘டொக்’: டர்போ காரின் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரீமேப் செய்து (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி இழுவையைக் கூட்டி), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) மாற்றிய டர்போ பெட்ரோல் கார். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் ‘டொக்’, திரும்ப மிதித்தாலும் ‘டொக்’. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ரீமேப்பை எடுத்துவிட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறக்க விடாதீர்கள். ரீமேப்பையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் என்ஜினைக் காரின் உடம்போடு பிடித்து நிறுத்தும் ரப்பர் தாங்கிகளான என்ஜின் மவுண்ட்டுகளைப் பாருங்கள், அதிலும் அடியில் இருந்து என்ஜின் புரளாமல் தடுக்கும் டார்க் மவுண்ட்டை.

நான் கார் மெக்கானிக் இல்லை. கோவையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஹால் முழுக்க நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் இரைச்சலில் எந்த மிஷினில் பேரிங் போகிறது என்று காதை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் அன்றாட வேலை. மில்லுக்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள், கேட்கட்டும். சத்தத்தைத் தேடும் முறை எந்த மிஷினுக்கும் ஒன்றுதான். எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் கார் 2020இல் வாங்கியது. 1 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல், 6 கியர் மேனுவல். கம்பெனி கொடுத்த டார்க் (முறுக்கு விசை) 175 நியூட்டன் மீட்டர், ரீமேப்புக்குப் பிறகு சுமார் 230. கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ள டவுன்பைப்தான் போட்டேன், கேட்டலிஸ்ட்டைப் பிடுங்கி எறிகிறவன் நானில்லை. குன்னூர் ஏற்றத்தில் அந்த இழுவையை அனுபவித்தவர்களுக்கு ஏன் செய்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.

சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் உங்களுக்கு வந்த அதே சத்தம். முதல் கியரிலும் இரண்டாவதிலும் நன்றாகக் கேட்கும், மூன்றாவதில் லேசாக, ஐந்தாவதில் சுத்தமாக இல்லை. பைபாஸில் மணிக்கணக்காகப் போனாலும் கப்சிப். ஊருக்குள் டிராஃபிக்கில் நுழைந்தால் ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் சீட்டுக்கு அடியில் ஒரு அடி.

இந்த விவரத்தைச் சொன்னபோது ஒர்க்‌ஷாப்பில் யாரும் காதில் வாங்கவே இல்லை. “ரீமேப் பண்ணியிருக்கீங்களா? அப்ப டிஃபரன்ஷியல் போயிருக்கும் சார்.” அவ்வளவுதான் பரிசோதனை. டிஃபரன்ஷியல் என்பது கியர்பாக்ஸோடு இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். எஸ்டிமேட் 70,000 ரூபாயைத் தாண்டியது. இன்னொரு இடத்தில் இரண்டு பக்க ஆக்சிலையும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றச் சொன்னார்கள். இருவருமே வண்டியை ஒரு தெரு ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மாடிஃபை செய்த கார் என்று தெரிந்த நிமிடமே, குறை கண்டுபிடிக்கும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

சின்ன கியரில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தாலே வழி தெரிந்துவிடும். குறுக்கு வாட்டில் என்ஜின் வைத்த முன்சக்கர இழுவைக் காரில், சக்கரத்துக்குப் போகும் டார்க் எவ்வளவோ அவ்வளவு எதிர்விசை என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து மறுபக்கம் புரட்டப் பார்க்கும். முதல் கியரில் மொத்த விகிதம், அதாவது என்ஜினின் டார்க் சக்கரத்துக்குப் போகும்போது பெருகும் மடங்கு, 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 175க்கு 2,450 நியூட்டன் மீட்டர், 230க்கு 3,220. இத்தனையையும் தாங்குவது கையளவு ரப்பர் வைத்த சில மவுண்ட்டுகள். அந்தப் புரட்டலைத் தடுப்பதற்கென்றே இருப்பது அடியில் உள்ள டார்க் மவுண்ட். ஐந்தாவது கியரில் விகிதம் குறைவு, அதனால் புரட்டலும் குறைவு, சத்தமும் இல்லை.

சோதித்துப் பார்க்கச் செலவே கிடையாது. நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரை உள்ளே உட்கார வைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் முழுசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், காருக்கு முன்னாலோ பின்னாலோ கட்டாயம் நிற்கக் கூடாது. முதல் கியரில் கிளட்சை மெல்லக் கடிக்கவிட்டு உடனே கிளட்சைத் திரும்ப மிதிக்க வேண்டும், பிறகு ரிவர்ஸில் அதேபோல. என்ஜின் லேசாக அசைவது இயல்பு. என்னுடையது ஊஞ்சல் மாதிரி ஆடியது, ஆடி நிற்கும் இடத்தில் அதே ‘டொக்’. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் டார்க் மவுண்ட்டின் ரப்பர் குறுக்கே கிழிந்திருந்தது. டவுன்பைப்பின் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்பு), அடியில் உள்ள சப்ஃபிரேம் சட்டத்தில் போய் இடித்து, அங்கே ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. கியர்பாக்ஸ் சத்தம் என்று எனக்குச் சொல்லப்பட்டது இதைத்தான்.

புது மவுண்ட்டும் போல்ட்டும் போட்டோம். பல கார்களில் அந்த போல்ட்டை ஒருமுறை முடுக்கிக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது, அதையும் கேட்டு வாங்குங்கள். டவுன்பைப்பின் ஜாயிண்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, இழுப்பு இல்லாமல் தொங்கவிட்டு, இடைவெளி பார்த்து முன்னாலிருந்து பின்னால் வரிசையாக முடுக்கினோம். சத்தம் போயே போய்விட்டது. ரீமேப் அப்படியேதான் இருக்கிறது.

ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போட்டிருக்கலாமே என்பார்கள். டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு அது சரி. 3 சிலிண்டர் என்ஜினில் கெட்டியான மவுண்ட் போட்டால் ஐடிலில் (வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது) ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் அதிரும். வீட்டில் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு நல்ல ரப்பர் மவுண்ட்டே போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

சத்தம் மவுண்ட்டில் இல்லையென்றால் வேறு அடையாளங்கள் உண்டு. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சிலின் சக்கரப் பக்க மூட்டான வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தோடு ஏறும் ஊளை, நியூட்ரலில் உருட்டினாலும் தொடர்ந்தால் வீல் பேரிங் அல்லது டயர். இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். நியூட்ரலில் நிற்கும்போது கடகடத்து, கிளட்சை மிதித்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் அல்லது என்ஜின் அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீல். கிளட்சை மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் செய்த காரில் உண்மையிலேயே முதலில் பலவீனம் காட்டுவது பெரும்பாலும் கிளட்ச்தான், அதை நான் மறுக்கவில்லை.

காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. போட்டிருந்தால் ஆக்சிலின் கோணமும் மாறியிருக்கும், வேகத்தடைகளில் டவுன்பைப்பும் அடிபடும்.

மவுண்ட், டவுன்பைப் இடைவெளி, இரண்டு ஆக்சில் எல்லாம் நன்றாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையென்றால், கியர் ஆயிலை மட்டும் ஒரு சுத்தமான தட்டில் இறக்கச் சொல்லுங்கள். நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறப் பசை தேய்மானத்தில் வருவது, பயமில்லை. விரலில் உறுத்தும் சில்லுகளோ பல்லின் துண்டோ இருந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்க ஒத்துக்கொள்ளுங்கள்.