டொக்டருக்கு யார் சொன்னது?

கேள்வி: அம்மா இப்போது சின்சினாட்டியில் அக்காவோடு இருக்கிறார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கென்டக்கியில் பல் பிடுங்கியபோது ஹைட்ரோகோடோன் குளிசை கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒஹாயோவில் முழங்கால் வலிக்குக் காட்டப் போனால், டொக்டர் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு ‘போன வாரம்தானே வாங்கினீர்கள்’ என்றாராம். காப்புறுதிகூட இல்லை, கைக்காசு கொடுத்துத்தான் வாங்கினோம். யார் சொன்னது? பொலிஸும் பார்க்குமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பல் டொக்டரைச் சந்தேகப்படாதீர்கள், தகவல் போனது பார்மசியிலிருந்து. கட்டுப்பாட்டு மருந்தொன்றை, அதாவது பழக்கமாகிவிடலாம் என்று சட்டம் கட்டுப்படுத்தும் மருந்தைக் கொடுத்தால் யாருக்கு, என்ன மருந்து, எத்தனை குளிசை, எத்தனை நாளுக்கு, எழுதிய டொக்டர் யார் என்று அன்றோ மறுநாளோ மாநிலப் பதிவுக்கு அனுப்பியாக வேண்டும். காப்புறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கைக்காசு என்றால் அதையும் சேர்த்தே குறித்துக்கொள்வார்கள். பாரசிற்றமோல் போன்றவை இதில் வராது. ஓபியாய்டு எனும் மோர்பின் வகை வலி மருந்துகள் (அம்மாவின் ஹைட்ரோகோடோனும் அதுதான்), தூக்கக் குளிசை, பதற்றத்துக்குக் கொடுக்கும் டயசிபாம் மாதிரியானவைதான்.

கலிபோர்னியா 1939இலேயே காகிதத்தில் தொடங்கிய வேலை இது. கடைசி மாநிலமாக மிசூரி 2021இல்தான் சட்டம் போட்டது. ஒஹாயோவிலும் கென்டக்கியிலும் தனித்தனிப் பதிவுகள், ஆனால் மாநிலங்களை இணைக்கும் வலையமைப்பு 2011 முதல் இருப்பதால் ஆறு தாண்டினாலும் தெரியும். நம் ஊரில் கிளினிக் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் அடுத்த டொக்டருக்கு ஒன்றுமே தெரியாது, அங்கே அப்படித் தப்ப முடியாது.

பொலிஸ் நினைத்தபோதெல்லாம் திறந்து பார்க்க முடியாது. நடக்கும் விசாரணைக்காகக் கேட்க வேண்டும், சில மாநிலங்களில் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். அம்மாவைக் கள்ளியாக யாரும் பார்க்கவில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்து மருந்து கூடிவிடக் கூடாது என்பதற்குத்தான் டொக்டர் பார்க்கிறார். வாங்கியது மட்டும்தான் அதில் இருக்கும், குடித்தாரா இல்லையா என்று இருக்காது. அதனால் ‘இரண்டுதான் போட்டேன், மிச்சம் இருக்கிறது’ என்றால் அம்மா அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இங்கிருந்து கொண்டுபோகும் குளிசையும் அந்தப் பதிவில் ஏறுமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஏறாது. எனக்குப் பயமே இதில்தான். நரம்பு வலிக்கு இங்கே எழுதிக் கொடுக்கும் பிரிகாபலின் அமெரிக்காவில் கட்டுப்பாட்டு மருந்து, அங்கே வாங்கினால் பதிவாகும், சூட்கேஸில் போனால் எந்தத் திரையிலும் இல்லை. அதைக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு அங்குள்ள டொக்டர் தெரியாமல் ஓபியாய்டும் எழுதினால் மூச்சே மந்தமாகிவிடலாம், வயதானவர்களுக்கும் நெஞ்சு நோய்க்காரருக்கும் ஆபத்து இன்னும் கூட. 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதைப்பற்றி எச்சரித்தது. மருந்துத் துண்டையும் குளிசை மட்டையையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே மேசையில் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.