ரத்தத்தில் தெரியாத வைரஸ் எங்கே இருக்கிறது?

கேள்வி: எச்.ஐ.வி.க்காக ஆறு வருடமாக ஏ.ஆர்.டி. (வைரஸை அடக்கும் கூட்டு மருந்து) மாத்திரை சாப்பிடுகிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) "கண்டறிய முடியாத அளவு" என்றே வருகிறது. ஆனால் உடம்புக்குள் அழற்சி இருப்பதால்தான் எச்.ஐ.வி. முழுதாகப் போவதில்லை என்கிறார்கள். அழற்சியைக் குறைத்தால் வைரஸ் போய்விடுமா?

பதில்: போகாது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. எச்.ஐ.வி. தன் மரபணுவைச் சில சி.டி.4 செல்களின் (எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் வெள்ளையணுக்கள்) டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிட்டு அங்கேயே தூங்கும். மாத்திரை புதிய செல்களுக்குத் தொற்று பரவாமல் தடுக்குமே தவிர, தூங்குகிற வைரஸைத் தொடாது. இப்படிப்பட்ட செல்கள் நிணநீர் முடிச்சுகளிலும் குடலிலும் நிறைய உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் அவை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, அழற்சி எங்கே வருகிறது? தொற்று வந்த தொடக்கத்திலேயே குடல் சுவர் அடி வாங்குகிறது, அது சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகச் சரியாவதில்லை, அதனால் குடலில் இருக்கும் பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிய, எதிர்ப்புச் சக்தி ஓயாமல் விழித்தே கிடக்கிறது. அந்த நிலையில் சி.டி.4 செல்கள் பெருகும்போது, உள்ளே தூங்கும் வைரஸின் மரபணுவும் கூடவே நகலாகிவிடும். செல் பிரிவதை எந்த ஏ.ஆர்.டி. மாத்திரையும் நிறுத்தாது. அப்புறம், வைரஸை வேட்டையாட வேண்டிய செல்களும் நீண்டநாள் அழற்சியில் களைத்துப்போகின்றன. மறுபக்கம், பதுங்கியிருக்கும் செல்களில் சில அவ்வப்போது வைரஸ் புரதங்களை வெளியிட்டு அழற்சியைத் தூண்டுகின்றன. அதாவது ஒன்றை ஒன்று வளர்க்கிறது.

ஆகவே மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், சிகிச்சையை விட்டுவிட்டு எடுத்தவர்களிடையே மரணங்கள் அதிகமாக இருந்தன, அவர்கள் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளும் ஏறின. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும்.

அழற்சி முக்கியமாகத் தாக்குவது இதயத்தை. 2023-இல் வந்த ரிப்ரீவ் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரில் பிடாவாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவாக இருந்தன. உங்களுக்கு வயது 40-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த முறை போகும்போது ஸ்டாட்டின் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அதுவும் அழற்சியைக் கூட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உள்ளே வைரஸ் பதுங்கியிருந்தாலும், வைரல் லோடு கண்டறிய முடியாத அளவிலேயே நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக உங்கள் துணைக்குத் தொற்று போகாது.