அப்பாவின் இரும்புப் பெட்டியை யார் திறப்பது?

வாசகர் கேள்வி பதில்

அன்புள்ள அக்கா, என் அப்பா மாசி மாதம் காலமானார். பினாங்கு ஸ்திரீட்டில் துணிக்கடையும் மளிகை மொத்த வியாபாரமும் நடத்தியவர். மூன்று கடைவீடுகள், தஞ்சோங் பூங்காவில் வீடு, கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டம், வங்கியில் வைப்புத்தொகை என்று நிறையவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உயில் எழுதவில்லை. நாங்கள் நான்கு பேர். அண்ணன் கடையைப் பார்க்கிறார். நான் திருமணமாகி இங்கேயே இருக்கிறேன். தம்பி மெல்பர்னில் மருத்துவர், தங்கை கோலாலம்பூரில். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது. கருமக்கிரியை முடிந்த பிறகு நால்வரும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசவில்லை. அண்ணனிடம் கேட்டால் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கடைவீடுகளை விற்றுப் பிரித்துவிடலாம் என்று தம்பி செய்தி அனுப்பியிருக்கிறான். அம்மா எதைக் கேட்டாலும் "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சாமி அறைக்குப் போய்விடுகிறார். கட்டிக்கொடுத்த பெண் நான் இதில் வாய் திறக்கலாமா?
பெயர் வேண்டாம், தஞ்சோங் தோக்கோங்

நீங்கள்தான் திறக்க வேண்டும், சகோதரி. அண்ணன் முதலில் பேசினால் கடையைத் தக்கவைக்கப் பேசுகிறார் என்று தோன்றும். தம்பி பேசினால் விற்கப் பேசுகிறான் என்று தோன்றும். உங்களுக்கு மட்டும்தான் "எனக்குப் பயமாக இருக்கிறது, ஒருநாள் உட்காருவோம்" என்று தொடங்கும் உரிமை இன்னும் சேதமாகாமல் இருக்கிறது.

கட்டிக்கொடுத்த பெண், கட்டிக்கொடுக்காத பெண் என்று சட்டம் பார்ப்பதில்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம்தான் பேசும். 1997இல் அது திருத்தப்பட்டது. இறந்தவரின் பெற்றோர் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் வீட்டுக் கணக்கில் அம்மாவுக்கு ஆறில் இரண்டு, உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. அப்பாவைப் பெற்ற பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால் கணக்கு மாறும். பாட்டிக்குக் கால் பங்கு, அம்மாவுக்குக் கால் பங்கு, உங்கள் நால்வருக்குமாகப் பாதி.

50 லட்சம் ரிங்கிட் வரையுள்ள சொத்தை, அதில் நிலமோ வீடோ இருந்தால், நில அலுவலகம் வழியாகவே முடித்துக்கொள்ளலாம். இந்த வரம்பு 2024 ஜூலையில் வந்தது, அதற்கு முன் 20 லட்சம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது அதைத் தாண்டிவிடும். ஆகவே உயர் நீதிமன்றத்தில் நிர்வாக உரிமைப் பத்திரம் வாங்க வேண்டும். நிர்வாகிகளாக நான்கு பேர் வரை இருக்கலாம். அண்ணன் ஒருவர் பெயரில் மட்டும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அவர்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து "தனியாகச் செய்தீர்களே" என்ற பேச்சு அவரைத் தொடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அண்ணனும் நீங்களும் சேர்ந்து நில்லுங்கள், மற்ற இருவரும் சம்மதக் கையெழுத்துப் போடட்டும். தம்பி அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

தம்பி விற்கலாம் என்றதும் உங்கள் வயிறு கலங்கியிருக்கும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் நிர்வாகி நிலத்தையோ கட்டடத்தையோ விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. இறந்தவர் சொத்துக்கு இருந்த வரியும் 1991 நவம்பர் 1ஆம் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதற்குப் பயந்து அவசரமாக விற்க வேண்டிய தேவையும் இல்லை. யோசிக்க நேரம் இருக்கிறது.

இவ்வளவும் எந்த வழக்கறிஞரும் சொல்வார். லைட் ஸ்திரீட்டில் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். வசதியான வீட்டில் துக்கத்தின் வேலைகளையெல்லாம் கூலிக்கு ஆள் வைத்துச் செய்துவிடுகிறார்கள். பந்தலுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், பத்திரிகையில் மரண அறிவிப்புக்கு மேனேஜர், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேலைக்காரப் பெண்கள். பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையில் நின்று கும்பிட்டதோடு சரி. வசதி குறைந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் நாற்காலி தூக்குவார்கள், அக்காளும் தங்கையும் பாத்திரம் கழுவுவார்கள். அந்த நேரத்தில்தான் "அப்பா கடைசியாக உன்னிடம் என்ன சொன்னார்?" என்ற பேச்சு வரும். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்க இடமே கிடைக்கவில்லை. பத்து கோடி இருந்தாலும் உங்கள் நால்வருக்கும் கைவேலை ஒன்று வேண்டும், அதுவும் சேர்ந்து செய்கிற வேலை.

மசாலா மொத்த வியாபாரி ஒருவரின் குடும்பம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஐந்து பிள்ளைகள். கடையின் பின்கட்டில் இருந்த இரும்புப் பெட்டியைத் தனியாகத் திறக்க மாட்டேன் என்று மூத்தவர் சாவியை அம்மா மடியில் வைத்துவிட்டார். ஐவரும் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, மல்லி மூட்டைகள்மேல் உட்கார்ந்து திறந்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் படிக்க, கடைசித் தம்பி எழுதினார். நிலத்தின் கிராண்ட், காப்புறுதிப் பத்திரம், அம்மாவின் பழைய நகை ரசீதுகள், பிள்ளைகளின் பள்ளி ரிப்போர்ட் கார்டுகள் இவற்றோடு நீளமான ஒரு கைமாற்று நோட்டும் இருந்தது. சிலர் பெயருக்கு எதிரே மஞ்சள் கறைபோல ஒரு புள்ளி. இது என்ன என்று நால்வரும் விழிக்க, மூன்றாவது மகள் சொன்னார்: "அப்பா மஞ்சள் தூளைத் தொட்டு வைப்பார். அவர்களிடம் கேட்கக்கூடாது என்று அர்த்தம்." பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குப் பேரேடு எழுதிக்கொடுத்தவர் அந்தப் பெண். அந்தத் தொகைகளை வசூலிப்பதில்லை என்று அங்கேயே ஐவரும் முடிவெடுத்தார்கள். மறுநாள் அவர்கள் கொண்டுவந்த பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். மல்லித்தூள் வாசனை அடிக்கும் தாள், கீழே ஐந்து கையெழுத்து. பிறகு அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வராமல் இல்லை, தோட்டத்தை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பலத்த வாக்குவாதமே நடந்தது. ஆனால் பெட்டியில் இருந்ததை யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஒருநாளும் வரவில்லை. என்னைக் கேட்டால் அந்த மூத்தவர் செய்ததைவிடப் பெரிய காரியம் ஒரு அண்ணன் செய்ய முடியாது.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒன்று. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது எப்போதும் மறைப்பதற்காகச் சொல்வது என்று எண்ணாதீர்கள். கடை செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமா, அப்பாவின் பெயரிலேயே பதிவான தனி வியாபாரமா என்று முதலில் கேளுங்கள். நிறுவனம் என்றால் அது தொடர்ந்து நடக்கும், அப்பாவின் பங்குகள்தான் உங்களுக்குள் பிரியும். தனி வியாபாரம் என்றால் அப்பாவின் வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். கடை ஆட்களின் சம்பளத்தையும் சரக்குக்காரர்களின் பாக்கியையும் அவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும், உங்களிடம் சொல்ல மனம் வராமல். "அண்ணா, இந்த மாதம் சம்பளம் எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் அதைக் குறித்துவைத்து, சொத்திலிருந்து அவருக்குத் திருப்ப வேண்டும். தம்பியையும் தங்கையையும் வைத்துக்கொண்டே இதைப் பேசுங்கள்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானதிலிருந்து கடைவீடுகளின் விலை எங்கோ போய்விட்டது. பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் கட்டடத்தை நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது, ஓடு மாற்றுவதற்குக்கூட முறை இருக்கிறது, பராமரிப்புச் செலவு கடுமை. தூரத்தில் இருப்பவனுக்கு அது பாரமாகத் தெரியலாம். ஆனால் உள்ளே குடியிருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரியுமா? வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடே இல்லை. வாடகை ஏறியதும் தலைமுறை தலைமுறையாக இருந்த பூக்கடைக்காரரும் முடிதிருத்துபவரும் நகரத்தைவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். சில வீட்டுக்காரர்கள் மட்டும் பழைய ஆளை, பழைய வாடகையில், வாய்மொழியாகவே வைத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா அப்படி யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாரா? விற்பதா வேண்டாமா என்று பேசும் முன் நால்வரும் அந்த மூன்று கடைவீடுகளுக்கும் நடந்து போங்கள். கடைமுன் நடைபாதையான ஐந்தடியில் நின்று குடித்தனக்காரரிடம் பேசுங்கள். தம்பி அடுத்த முறை வரும்போது இதுதான் முதல் வேலை.

அம்மா விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். "எனக்கு எதற்கு, பிள்ளைகளுக்கே இருக்கட்டும்" என்று அவர் சொல்வார், நீங்களும் பாசத்தில் சரி என்பீர்கள். வேண்டாம். அந்த மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். விதவையான தாய் தன் மருந்துக்கு மருமகளிடம் கேட்கும் நிலை பெரிய பங்களாக்களிலும் உண்டு, கண்ணீரோடு என் மேசைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். மனம் தேறிய பிறகு அவர் தன் உயிலை எழுதட்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவர் பெறவேண்டியது கிடைக்காது. ஆகவே உங்கள் வீட்டார் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டடங்களை ஆறாகப் பிரிக்க வழி இருக்கிறது. அப்பாவின் சிவப்புக்கல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் சாமி அறையில் இருக்கும் முருகனின் வேலையும் பிரிக்க முடியாது. நான் பார்த்த கசப்பில் பாதி இப்படிப்பட்ட சின்னப் பொருள்களால் வந்தது. அலமாரியை நால்வரும் சேர்ந்து திறந்து, அம்மா முன்னால் வைத்து, கடைசித் தங்கையிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒன்றாக எடுங்கள். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

தைப்பூசத்துக்கு அப்பா தண்ணீர்ப்பந்தல் போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் நிறுத்தாதீர்கள். வருடம் திரும்பும்வரை தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போவதில்லை என்பது உங்கள் வழக்கமானால் கடை ஆட்கள் பந்தலில் நிற்கட்டும், மோருக்கும் அரிசிக்குமான கணக்கை நீங்கள் நால்வரும் உட்கார்ந்து போடுங்கள்.

அப்பாவின் ஊழியர் சேமநிதிக்கு என்னை மட்டும் பெயர் குறித்திருக்கிறார். நல்ல தொகை. நாங்கள் இந்துக்கள். அண்ணன்மார் இருவரும் பங்கு கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

சட்டப்படி பணம் உங்களுடையது. முஸ்லிம் உறுப்பினர் என்றால் பெயர் குறிக்கப்பட்டவர் வாரிசுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் அப்படியில்லை. அப்பா ஏன் உங்களை மட்டும் எழுதினார் என்று யோசியுங்கள். கடைசிக் காலத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டதற்காக என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன்மாரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்பா எப்போதோ ஏதோ ஒரு படிவம் நிரப்பியதாக மட்டும் இருந்தால், மருத்துவச் செலவு யார் கொடுத்தார்கள் என்று பார்த்து அதையாவது முதலில் திருப்புங்கள். எதுவானாலும் பணத்தை எடுக்கிற அன்றே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்பா இறந்ததிலிருந்து அண்ணனும் நானும் பேசுவதில்லை. முதல் ஆண்டுத் திதி வருகிறது. அவர் தன் வீட்டில் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் என் வீட்டில் தனியாகக் கொடுக்கலாமா?
வாசகர், கிள்ளான்

உங்கள் ஐயர் அதற்கு வழி சொல்லக்கூடும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்று உங்கள் அத்தை எந்த வீட்டுக்குப் போவார்? அம்மா எந்த வீட்டில் இலைமுன் உட்காருவார்? அவர் வீடும் வேண்டாம், உங்கள் வீடும் வேண்டாம், கோயில் மண்டபத்தில் வையுங்கள். அண்ணனிடம் பேச நா எழவில்லையென்றால் அண்ணியிடம் பேசுங்கள். தேதி, நேரம், இடம் மட்டும் சொன்னால் போதும், சொத்துப் பேச்சை அந்த அழைப்பில் எடுக்காதீர்கள். சமையலுக்கு அரிசி, காய்கறி உங்கள் செலவு, ஐயர் தட்சணை அண்ணன் செலவு என்று அண்ணியிடமே கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். மண்டபம் கிடைப்பது எளிதல்ல, இந்த வாரமே கேட்டு வையுங்கள்.